தஷல்ஹித் பேசக் கத்துக்கணுமா? மொராக்கோவுக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

தஷல்ஹித்ங்கறது வட ஆப்பிரிக்காவோட ஆதிகுடிகளான பெர்பர் மக்கள் பேசற மொழிகள்ல ஒண்ணு. பெர்பர் மொழி கத்துக்கறேன்னு மொராக்கோ கிளம்பிப் போறவங்கள்ல நிறைய பேர் கடைசியில தாரிஜாதான், அதாவது மொராக்கோ அரபிதான், கத்துக்கிட்டு வர்றாங்க. இல்லன்னா ஏற்கனவே இருந்த அரைகுறை ஃபிரெஞ்சை பாலிஷ் போட்டுக்கிட்டு வர்றாங்க. மொழி ஒண்ணும் அவ்ளோ பயங்கரம் கிடையாது. தப்பான ஊர்ல, தப்பான மாசத்துல, தப்பான பாடத்தைக் கையில வெச்சுக்கிட்டு போய் உக்காந்துடறாங்க, அதான் விஷயம். தமிழ்ல இதைப் பத்தி உருப்படியா எதுவும் என் கண்ணுல படல, ஃபிரெஞ்சுலயும் இங்கிலீஷ்லயும் இருக்கறது பாதி சுற்றுலா விளம்பரம், பாதி மொழியியல் பேராசிரியருங்களுக்கானது. அதனால நான் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா எழுதறேன். பேசறதுக்கு மட்டும்தான் இது, பட்டம் வாங்க, ஆராய்ச்சி பண்ண இல்ல.

1. எந்த பெர்பர்னு முதல்ல முடிவு பண்ணுங்க

"பெர்பர்"னு ஒரே மொழி கிடையாது. மொராக்கோவுல மட்டுமே மூணு பெருசு இருக்கு: வடக்குல ரிஃப் மலைப்பக்கம் தாரிஃபித், நடு அட்லஸ்ல அஸ்ரூ, கெனிஃப்ரா பக்கம் தமாஸிக்த், தெற்குல அகாதிர், டிஸ்னிட், தாரூதாந்த், உயர் அட்லஸ் மலை எல்லாம் தஷல்ஹித். அல்ஜீரியா போனா கபீல், ஷாவி, மொஸாபி. சஹாராவுக்குள்ள துவாரெக் ஆளுங்க பேசறது வேற. ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு கொஞ்சம் காதுல ஏறும், ஆனா அகாதிர்ல கத்துக்கிட்டதை வெச்சு ரிஃப் பக்கம் இருக்கற நாடோர்ல போய் சரளமா பேச முடியாது.

எனக்குக் கேட்டா புதுசா வர்றவங்களுக்கு தஷல்ஹித்தான் சரி. மொராக்கோவோட 2024 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல 14.2 சதவீதம் பேர் இதைப் பேசறாங்க, தமாஸிக்த் 7.4, தாரிஃபித் 3.2. ஆளு அதிகம், போக்குவரத்து சுலபம், சுற்றுலா ஊருங்க இருக்கறதால வாடகைக்கு ரூம் கிடைக்கும், இலவசமா பாடப்புத்தகமும் இருக்கு. இதுக்குக் கீழ நான் சொல்றது முழுக்க தஷல்ஹித் பத்திதான்.

பாரிஸ்ல இருக்கற நம்மாளுங்களுக்கு மட்டும் வேற யோசனை சொல்வேன், நீங்க கபீல் எடுங்க. லா ஷப்பல்ல காய்கறி வாங்கிட்டு அப்படியே பார்பெஸ் பக்கம் நடந்தா போதும், விமானமே ஏற வேண்டாம், அந்த ஊர்ல கபீல்காரங்க நடத்தற கஃபே ஏகப்பட்டது. இனால்கோங்கற மொழிகள் கல்வி நிறுவனத்துல பெர்பர் பட்டப்படிப்பே இருக்கு, 20-வது வட்டாரத்துல இருக்கற பெர்பர் கலாச்சார சங்கத்துலயும் விசாரிச்சுப் பாருங்க.

இங்க ஒரு பொறி இருக்கு. பெர்பர் மக்கள் தங்களையும் தங்க மொழியையும் சொல்லிக்கற பேரு அமாஸிக். "அமாஸிக் சொல்லித் தாங்க"ன்னு கேட்டீங்கன்னா படிச்ச டீச்சருங்க பல பேர் இர்காம்னு ரபாத்ல இருக்கற அரசு நிறுவனம் உருவாக்கின பொது வடிவத்தை சொல்லித்தர ஆரம்பிச்சிடுவாங்க. அது ஸ்கூலுக்கும் டிவி செய்திக்கும் அரசாங்க போர்டுக்கும் வேணும், கடைத்தெருவுல அதைப் பேசினா பாட்டிங்க சிரிப்பாங்க. "தஷல்ஹித், வீட்டுல பேசற மாதிரி"ன்னு அழுத்திச் சொல்லிக் கேளுங்க. திஃபினாக் எழுத்தையும் இப்போதைக்கு விட்டுடுங்க. 33 எழுத்துதான், பார்க்க அழகு, அரசு கட்டடம் மேல எல்லாம் இருக்கும், ஆனா நீங்க தினம் பழகப்போற ஆளுங்கள்ல அதை சரளமா படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி.

2. ஊரைத் தேர்ந்தெடுங்க

அகாதிர் பீச் பக்கம் வேண்டாம். அங்க உங்க மூஞ்சியைப் பார்த்ததுமே ஃபிரெஞ்சு, இங்கிலீஷ், "நமஸ்தே, ஷாருக் கான்" எல்லாம் வரும், தஷல்ஹித் வராது. மராக்கேஷ் நகரத்துக்குள்ள தாரிஜாதான். டிரெயினே மராக்கேஷோட முடிஞ்சிடுது, அதுக்குத் தெற்க பஸ்ஸும் ஷேர் டாக்ஸியும்தான்.

நான் சொல்றது டிஸ்னிட். அகாதிர்லேர்ந்து 90 கிலோமீட்டர் சொச்சம், மதில் சுவருக்குள்ள பழைய ஊர், வெள்ளி நகைக்கடைங்க, நடந்தே சுத்திடலாம், ஊர்ல தஷல்ஹித் தாராளமா காதுல விழும். இன்னும் உள்ள போகணும்னா மலைமேல தஃப்ராவுத் இருக்கு, மொழிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனா சின்ன ஊர், தனியா இருக்கறது சிலருக்கு ஒத்துக்காது, அதனால மொதல்ல டிஸ்னிட்ல கொஞ்சம் தேறிட்டு அப்புறம் போங்க. உயர் அட்லஸ் பக்கம் இம்லில் மாதிரி ஊருங்களும் தஷல்ஹித்தான், ஆனா டிரெக்கிங் ஆளுங்க அதிகம், அதோட 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கத்துல அந்த வட்டாரம் ரொம்ப அடிபட்டது, தங்கற இடம் நிலவரம் என்னன்னு ஃபோன்ல கேட்டுட்டு போங்க.

போற வழி இதுதான். சென்னையிலேர்ந்து நேரடி விமானம் கிடையாது, வளைகுடா ஊர் ஏதாவதுல மாறி காசாப்ளாங்கா. ஏர்போர்ட்லயே டிரெயின் இருக்கு. அங்கேர்ந்து மராக்கேஷ் வரைக்கும் டிரெயின், அப்புறம் சுப்ராதூர் இல்லன்னா சேடேஎம் (CTM) கம்பெனி பஸ்ல அகாதிர், ஒரு மூணரை நாலு மணி நேரம். அகாதிர் பக்கத்துல இனெஸ்கான்னு ஒரு ஊர், ஷேர் டாக்ஸி எல்லாம் அங்கேர்ந்துதான், ஆறு பேர் ஏறினாதான் வண்டி கிளம்பும். டிஸ்னிட்டுக்கு நான் குடுத்தது 40 திர்ஹாம் (மொராக்கோ காசு) பக்கம். அவசரம்னா காலி சீட்டுக்கும் சேர்த்து நீங்களே காசு குடுத்து கிளப்பிடலாம், ஆனா அந்த காத்திருக்கற நேரத்துலதான் பேச்சு நடக்கும், அதனால அவசரப்படாதீங்க.

3. எப்போ போகணும்

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி காலண்டர்ல மூணு விஷயம் பாருங்க. ரமலான் மாசம் வேண்டாம், முதல் பயணத்துக்கு கண்டிப்பா வேண்டாம், பகல்ல ஊரே தூங்கும், டியூட்டருக்கு தெம்பு இருக்காது, கடிகாரத்தையே அந்த மாசம் ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சிடுவாங்க. வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னாடி நகர்ந்துக்கிட்டே வர்றதால போன வருஷ தேதியை நம்பாதீங்க. ரெண்டாவது, ஜூலை ஆகஸ்ட். ஃபிரான்ஸ், பெல்ஜியம், காசாப்ளாங்கான்னு போன சொந்தக்காரங்க எல்லாம் ஊருக்கு வருவாங்க, கல்யாண சீசன், ஜாலியாதான் இருக்கும், ஆனா வீட்டுக்கு வீடு ஃபிரெஞ்சு பேசற பசங்க, வெயில், வாடகையும் ஏறிடும். மூணாவது, பக்ரீத் வாரம். டீச்சர், கடைக்காரர், ஷேர் டாக்ஸி டிரைவர் யாரும் கையில சிக்க மாட்டாங்க.

நல்ல மாசம்னா அக்டோபர், நவம்பர். இல்லன்னா ஜனவரி கடைசிலேர்ந்து மார்ச் வரைக்கும், ரமலான் இடிக்காத வருஷமா இருந்தா. பிப்ரவரில தஃப்ராவுத் பக்கம் பாதாம் மரம் பூக்கும்.

4. விசா, பேப்பர்

பிரிட்டன், கனடா, ஃபிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா பாஸ்போர்ட் வெச்சிருக்கற தமிழருங்களுக்கு 90 நாள் விசா இல்லாமலே இருக்கலாம், நீங்க அடுத்த படிக்கு போயிடுங்க.

இந்திய பாஸ்போர்ட்காரங்க கவனிங்க. 2022லேர்ந்து மொராக்கோவுக்கு ஈ-விசா இருக்கு, அக்ஸே மரோக்ங்கற அரசு போர்ட்டல்ல. உங்ககிட்ட ஷெங்கன், பிரிட்டன், அமெரிக்கா மாதிரி விசா இருந்தா ஒரு வகை, இல்லன்னா வேற வகை, உங்க கேஸ் எதுல வருதுன்னு விண்ணப்பிக்கற அன்னிக்கு போர்ட்டல்லயே பாருங்க, வாட்ஸப்ல யாரோ சொன்னதை நம்பி டிக்கெட் போடாதீங்க. நான் பார்த்தப்போ சாதாரணம் 770 திர்ஹாம், எக்ஸ்பிரஸ் 1100. கூகுள்ல தேடினா முதல்ல வர்றது நிறைய ஏஜென்ட் தளங்கதான், பார்க்க அரசு தளம் மாதிரியே இருக்கும், காசு ரெண்டு மூணு மடங்கு புடுங்குவாங்க.

ஈ-விசாவுல நாட்டுக்குள்ள இருக்க முடியறது 30 நாள்தான். அதுக்கு மேல வேணும்னா டெல்லில இருக்கற மொராக்கோ தூதரகத்துலதான் விசா கேக்கணும், ஏதாவது நிறுவனத்துல சேர்ந்ததுக்கான கடிதம் இருந்தா பலம். முதல் தடவை போறவங்களுக்கு என் யோசனை, வீட்டுல ஒரு மூணு மாசம் ஆன்லைன்ல படிச்சுட்டு, அந்த 30 நாளை முழுக்க பேசறதுக்கு மட்டும் செலவு பண்ணுங்க. அங்க போய் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணக் கத்துக்கிட்டிருந்தீங்கன்னா 30 நாள் போறதே தெரியாது.

கையில வெச்சுக்க வேண்டியது: பாஸ்போர்ட் நகல் நாலஞ்சு, விசா பிரின்ட், ஃபோட்டோ, தங்கற முகவரியும் அந்த வீட்டுக்காரர் ஃபோன் நம்பரும் எழுதின ஒரு பேப்பர், டிராவல் இன்ஷூரன்ஸ். உள்ள போனதும் பாஸ்போர்ட்ல போடற முத்திரையையும் ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஹோட்டல்ல தர்ற போலீஸ் ஃபார்ம்ல அந்த விவரம் கேப்பாங்க. டிரோன் கொண்டு போகாதீங்க, அனுமதி இல்லாம கொண்டு போனா கஸ்டம்ஸ்ல வாங்கி வெச்சிடுவாங்க.

5. கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன படிக்கறது

அமெரிக்காவோட பீஸ் கோர் அமைப்பு மொராக்கோவுக்கு அனுப்பற தன்னார்வலருங்களுக்காக தஷல்ஹித் பாடநூல் ஒண்ணு போட்டிருக்கு, ஆடியோவும் உண்டு, இணையத்துல இலவசமா கிடைக்கும். அதுல வர்ற உரையாடல் எல்லாம் கிராமத்துல ரூம் தேடறது, சந்தையில பேரம் பேசறது, டாக்ஸி பிடிக்கறது மாதிரிதான், அதுவே போதும். அதோட யூட்யூப்ல தஷல்ஹித் காமெடி படங்க நிறைய கிடக்கு, புரியலைன்னாலும் ஓட விடுங்க, காது பழகும்.

குறிப்பு எழுதும்போது தமிழ் எழுத்துல எழுதாதீங்க. நமக்கு கை பரபரக்கும், ஆனா இந்த மொழியில தொண்டையிலேர்ந்தும் அடிநாக்குலேர்ந்தும் வர்ற நாலஞ்சு ஒலியை நாம "க"ன்னு ஒரே எழுத்துல போட்டு வெச்சிருப்போம், ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துப் பார்த்தா எது எதுன்னே தெரியாது. இந்தக் கட்டுரையில வேற வழியில்லாம தமிழ்ல போடறேன், நீங்க ரோமன் எழுத்துல எழுதிப் பழகுங்க. ஸ்பெல்லிங் ஒருத்தருக்கொருத்தர் மாறும், சாட்ல எழுதும்போது 3, 7, 9 எல்லாம் எழுத்தா வரும், 3 போட்டா தொண்டையை இறுக்கி வர்ற ஐன், 7 போட்டா கனமான ஹா, 9 போட்டா அடித்தொண்டை காஃப். இதை முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா டியூட்டர் அனுப்பற மெசேஜ் எல்லாம் பாஸ்வேர்டு மாதிரி பயமுறுத்தாது.

தாரிஜா ஒரு ஐம்பது வார்த்தை போதும். வாழ்த்து, எண்கள், "எவ்வளவு", "எங்க". அதுக்கு மேல அங்க போய் தாரிஜா கிளாஸ்ல சேர்ந்தீங்கன்னா தஷல்ஹித் அம்போ, ஏன்னா ரெண்டும் தெரிஞ்ச ஆளு உங்களுக்கு எது சுலபமோ அதுக்குத் தாவிடுவார்.

6. காசு, ரியால் கணக்கு

இந்திய ரூபாயை அங்க மாத்த முடியாது, யூரோ கொண்டு போங்க. 1 யூரோ 10 திர்ஹாம் சொச்சம். ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டு போட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு 30 திர்ஹாம் பக்கம் கழிச்சிடுவாங்க, அதனால மொத்தமா எடுங்க. திரும்பும்போது 2000 திர்ஹாமுக்கு மேல வெளிய எடுத்துட்டு போகக்கூடாது, மாத்தின ரசீதை பத்திரமா வைங்க.

இப்ப முக்கியமான விஷயம். விலை சொல்லும்போது வயசானவங்க திர்ஹாம்ல சொல்ல மாட்டாங்க, ரியால்ல சொல்வாங்க. ரியால்னு ஒரு நோட்டோ காசோ இப்ப கிடையாது, வெறும் கணக்குதான்: 1 திர்ஹாம் 20 ரியால். உருளைக்கிழங்கு கிலோ 120ன்னு சொன்னா 6 திர்ஹாம். 1000 ரியால்னா 50 திர்ஹாம். இதைத் தெரியாதவங்க 120ன்னு கேட்டதும் அரண்டு போய் பேரம் பேசாமலே திரும்பிடுவாங்க, இல்ல இன்னும் மோசமா 100 திர்ஹாம் நோட்டை எடுத்து நீட்டுவாங்க. வீடு, வண்டி மாதிரி பெரிய தொகைக்கு சென்டிம்ல, அதாவது திர்ஹாம்ல நூத்துல ஒரு பங்குல, பேசுவாங்க, ஒரு மில்லியன்னு சொன்னா 10,000 திர்ஹாம். 20-ஆல வகுக்கறதை கிளம்பறதுக்கு முன்னாடியே மனசுல ஓட்டிப் பழகுங்க.

எண்கள்: யான், சீன், க்ராத், க்கூஸ், ஸ்ம்முஸ், ஸ்திஸ், ஸா, தாம், த்ஸா, ம்ராவ். தஷல்ஹித்ல பத்து வரைக்கும் சொந்த எண்கள் நல்லாவே உயிரோட இருக்கு, நூறு ஆயிரம்னு போகும்போது அரபி எண்ணுக்கு தாவிடுவாங்க, அதனால ரெண்டும் வேணும்.

டிஸ்னிட்ல ஒரு மாசத்துக்கு எனக்கு ஆன செலவு உத்தேசமா: ரூம் 1500லேர்ந்து 2000 திர்ஹாம், சாப்பாடு அதே அளவு, டியூட்டர் 1200, டாக்ஸி, சிம், டீ எல்லாம் ஒரு 600. விமான டிக்கெட் தனி. ரவுண்டு ரொட்டி ஒண்ணு 1.20 திர்ஹாம்தான், பட்டினி கிடக்க மாட்டீங்க. சைவம்னா "ப்லா திஃபியீ", கறி இல்லாமன்னு சொல்லுங்க, ஆனா காய்கறித் தாஜீனும் (மண்சட்டியில வேக வைக்கற கூட்டு) கறியோட சேர்த்து வேக வெச்சதா இருக்கலாம், கறியை ஓரமா எடுத்து வெச்சுட்டு குடுத்துடுவாங்க, அவங்க கணக்குல அது சைவம்.

7. டியூட்டர் பிடிக்கறது

பெரிய நகரத்து மொழிப்பள்ளிங்கள்ல தஷல்ஹித் வகுப்புன்னு போர்டுல இருக்கும், போனா "குரூப் சேரல, தாரிஜால சேருங்க"ன்னு சொல்வாங்க. ஒரு இடத்துல என்கிட்ட முன்பணம் வாங்கிட்டு அப்புறமா இதைச் சொன்னாங்க, திருப்பி வாங்க நாய் படாத பாடு. அதனால வகுப்பு ஆரம்பிக்கற தேதியும், ஆள் சேரலைன்னா பணம் திருப்பித் தரப்படும்னும் எழுத்துல வாங்காம ஒரு திர்ஹாம் குடுக்காதீங்க.

தனி டியூட்டர்தான் நல்லது. அகாதிர்ல இப்னு ஸோர் பல்கலைக்கழகத்துல அமாஸிக் துறை இருக்கு, அங்க படிக்கற, படிச்சு முடிச்ச பசங்க சொல்லித் தருவாங்க. மணிக்கு 80லேர்ந்து 150 திர்ஹாம் கேப்பாங்க, நான் 100 குடுத்தேன். முதல் வகுப்பு முடிஞ்சதும் காசு அன்னன்னைக்கா வாரத்துக்கு ஒரு தடவையான்னு பேசி முடிச்சிடுங்க, கூச்சப்பட்டு விட்டீங்கன்னா பின்னாடி மனஸ்தாபம் வரும்.

டியூட்டர்கிட்ட மூணு கண்டிஷன் போடுங்க. வகுப்புல ஃபிரெஞ்சு கூடாது. இலக்கண விளக்கம் பத்து நிமிஷத்துக்கு மேல கூடாது. முடிஞ்சா பாதி வகுப்பு வெளிய, காய்கறிக் கடையில, டீக்கடையில, அவங்க அம்மா வீட்டுல. அந்த அம்மா வீட்டு வகுப்புதான் தங்கம், போகும்போது சர்க்கரைக் கட்டி ஒண்ணு வாங்கிட்டு போங்க, கூம்பு மாதிரி நீலக் காகிதத்துல சுத்தி விப்பாங்க, அதுதான் அங்க மரியாதைக்குரிய கைப்பொருள்.

8. மளிகைக்கடையை வகுப்பறையாக்குங்க

மொராக்கோ முழுக்க, காசாப்ளாங்கா ரபாத் உட்பட, தெருமுனை மளிகைக்கடை வெச்சிருக்கறவங்க நிறைய பேர் சூஸ்காரங்க, அதாவது அகாதிர், டிஸ்னிட் இருக்கற தெற்கு வட்டாரத்துக்காரங்க, அதுலயும் தஃப்ராவுத் பக்கத்து ஆளுங்க. நம்மூர்ல தென்மாவட்டத்து அண்ணாச்சி கடை ஊரெல்லாம் இருக்கற மாதிரியே வெச்சுக்கோங்க. அதனால காசாப்ளாங்காவுல இறங்கின அன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். கல்லாவுல உக்காந்திருக்கறவர்கிட்ட முதல்ல ஸலாம் சொல்லுங்க, அப்புறம் "மான்ஸாக்கின்?"னு கேளுங்க, எப்படி இருக்கீங்கன்னு அர்த்தம். எதிர்ல பொண்ணா இருந்தா வேற வடிவம் வரும், அதை டியூட்டர்கிட்ட வாங்கிக்கோங்க. அரை நொடி அமைதி, அப்புறம் உள்ள மூட்டை அடுக்கிட்டிருக்கற தம்பியை கூப்பிட்டு "வா வா, இந்த ஆளு என்ன பேசறான் கேளு"ன்னு ஆரம்பிச்சிடுவார். எந்த ஊருன்னு கேப்பார், கல்யாணம் ஆச்சான்னு கேப்பார், எதுக்கு இந்த மொழின்னு கேப்பார். இந்த மூணு கேள்விக்கும் பதிலை முன்கூட்டியே தயார் பண்ணி மனப்பாடம் பண்ணிடுங்க, தினம் பத்து தடவை சொல்ல வேண்டி வரும், பத்தாவது தடவை நீங்களே அசந்து போற அளவுக்கு சரளமா வரும்.

"அஸுல்"னு ஒரு வாழ்த்து புத்தகத்துல எல்லாம் முதல் பக்கத்துல இருக்கும். படிச்ச பசங்க, அமாஸிக் இயக்க ஆளுங்க சொல்வாங்க. பெரியவங்ககிட்ட ஸலாமே போதும், நன்றிக்கு "தனெம்மிர்த்"தும் அதே கதைதான், சொன்னா புரியும், ஆனா அவங்க வாயில வர்றது வேற.

கடைக்கு தினம் போங்க, ஒரே கடைக்கு, கூட்டம் இல்லாத நேரத்துல, மொத்தமா வாங்காம ஒவ்வொண்ணா வாங்குங்க. அமான் தண்ணி, அக்ரூம் ரொட்டி, அதாய் டீ, தாம்மென்த் தேன். "ஃப்கீயீ அமான்", தண்ணி குடுங்க. "ரீக்", எனக்கு வேணும். "ஊர் ரீக்", வேண்டாம். "ஊர் ஃபஹ்ம்க்", புரியல. அவர் ஃபிரெஞ்சுக்கு மாறினா சிரிச்சுக்கிட்டே நீங்க தஷல்ஹித்லயே பதில் சொல்லுங்க, ரெண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார், அப்புறம் வழிக்கு வந்துடுவார். யாராவது நல்லா பேசறீங்கன்னு பாராட்டினா "இமிக் ஸ் இமிக்", கொஞ்சம் கொஞ்சமான்னு சொல்லுங்க, அதுக்கு ஒரு டீ நிச்சயம்.

9. நம்ம நாக்குக்கு எது சுலபம், எது கஷ்டம்

சுலபம் முதல்ல. உயிர் ஒலி அ, இ, உ மூணுதான். ஒத்தை மெய், இரட்டை மெய் வித்தியாசம் நமக்கு ரத்தத்துலயே இருக்கு, படு வேற பட்டு வேறன்னு யாரும் நமக்கு சொல்லித் தர வேண்டாம். ஐரோப்பியருங்க இதுல தடுமாறுவாங்க. இங்க அது இலக்கணத்துலயே வேலை செய்யுது: "இம்கெர்"னா அறுவடை பண்ணான், "அர் இம்க்கெர்"னா பண்ணிக்கிட்டு இருக்கான், நடுவுல இருக்கற மெய்யை அழுத்தினதுதான் வித்தியாசம்.

கஷ்டம் என்னன்னா, உயிரே இல்லாம மெய்யா அடுக்கிக்கிட்டு போற சொல்லுங்க. நாம நடுநடுவுல ஒரு "இ"யோ "உ"வோ நுழைச்சிடுவோம், ஸ்கூலை இஸ்கூல்னு சொல்ற பழக்கம் இருக்கே அதேதான். "ஸ்ம்முஸ்"ஸை "சம்முஸ்"னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க, ஆனா நீளமான வினைச்சொல்லுல இப்படி நுழைச்சா அவங்களுக்கு வேற சொல்லா கேக்கும். டியூட்டர் சொல்றதை ரெக்கார்ட் பண்ணி, மெதுவா ஓட்டி, கூடவே சொல்லிப் பாருங்க. தொண்டையிலேர்ந்து வர்ற காவும் கனமான த, ஸவும் ஒரு மாசத்துல ஓரளவு வந்துடும்.

இலக்கணத்துல ரெண்டு இடத்துல கவனமா இருங்க. ஒண்ணு, பெயர்ச்சொல்லோட தலை மாறும். ஆள்னா "அர்காஸ்", ஆனா வினைச்சொல்லுக்குப் பின்னாடி எழுவாயா வந்தா "உர்காஸ்", ஆள் போயிட்டான்ங்கறது "இத்தா உர்காஸ்". அகராதியில "உ" வரிசையில தேடினா கிடைக்காது. ரெண்டாவது, எனக்கு, உனக்குங்கற ஒட்டு இடம் மாறும். "இஃப்காயி"ன்னா எனக்குக் குடுத்தான், குடுக்கலன்னு சொல்லணும்னா "ஊர் இயி இஃப்கி", அந்த "எனக்கு" வினைக்கு முன்னாடி குதிச்சு வந்துடும். விதியைப் படிச்சு மண்டையை உடைக்காதீங்க, பத்து வாக்கியத்தை இல்லைன்னு மாத்தி மாத்தி சொல்லிப் பாருங்க, வாய் தானா பழகிடும். பெண்பால் மட்டும் ரொம்ப ஈஸி, முன்னாடியும் பின்னாடியும் த் போட்டா போதும் பல சொல்லுக்கு, கோவேறு கழுதை "அசெர்தூன்", பெட்டைன்னா "தசெர்தூந்த்".

10. சந்தை, கிராமம்

வாரச்சந்தை நாளைக் குறிச்சு வெச்சுக்கோங்க: இனெஸ்கான் செவ்வாய், தஃப்ராவுத் புதன், டிஸ்னிட் வியாழன். காலையில சீக்கிரம் போங்க, மத்தியானத்துக்கு மேல ஒண்ணும் இருக்காது. அகாதிர்ல சூக் எல்-ஹத் பெரிய மார்க்கெட், திங்கள் லீவு.

கிராமத்துல யார் வீட்டுலயாவது தங்கப் போறீங்கன்னா வீட்டுக்காரர்கிட்ட சொல்லி முகத்தம்ங்கற உள்ளூர் அதிகாரிக்கு தகவல் குடுத்துடுங்க. ஜாந்தார்மரி, அதாவது கிராமப்புற போலீஸ், ஆளுங்க வந்து பாஸ்போர்ட் கேட்டா பயப்பட வேண்டாம், நகல் ஒண்ணு குடுத்தா சரி. சொல்லாம தங்கினா தலைவலி உங்களுக்கு இல்ல, வீட்டுக்காரருக்கு. யாரையும் கேக்காம ரெக்கார்டர் நீட்டாதீங்க. மேற்கு சஹாரா பத்தி, அரசர் பத்தி பேச்செடுக்காதீங்க, எந்த மொழியிலயும்.

இன்னொண்ணு வெளிப்படையா சொல்லணும். தஷல்ஹித் மட்டுமே பேசறவங்க கிராமத்துல பெரும்பாலும் வயசான பொம்பளைங்கதான், அவங்கதான் பெஸ்ட் டீச்சர். நீங்க ஆம்பளையா இருந்தா அவங்க கூட உக்காந்து பேச வாய்ப்பு கம்மி, வீட்டு ஆம்பளைங்க மூலமாதான் போகணும், உங்களுக்கு டீக்கடை, டாக்ஸி, சந்தை. பொண்ணா இருந்தா சமையக்கட்டு, கல்யாண வீடு, ஆர்கன் எண்ணெய் எடுக்கற பெண்கள் கூட்டுறவு எல்லாம் திறந்திருக்கும், கல்லை வெச்சு ஆர்கன் கொட்டை உடைக்கற இடத்துல போய் உக்காந்தீங்கன்னா மணிக்கணக்கா பேச்சு ஓடும், ஆர்கன் எண்ணெயும் பாதாமும் தேனும் சேர்த்து அரைச்ச ஆம்லூவும் ரொட்டியும் தட்டுல வரும். ஆனா தனியா டீக்கடையில உக்காரறது சின்ன ஊர்ல சங்கடமா இருக்கும், பேஸ்ட்ரி கடைங்க பரவாயில்ல.

11. மூணு மாசத்துக்கு மேல இருக்கணும்னா

90 நாளைத் தாண்டி இருக்கறதா இருந்தா கார்ட் டி செஜூர், அதாவது வசிப்பு அட்டை வேணும், போலீஸோட வெளிநாட்டவர் பிரிவுல விண்ணப்பிக்கணும். பாஸ்போர்ட் நகல், முத்திரைப் பக்கம், ஃபோட்டோ, வாடகை ஒப்பந்தம், பணம் இருக்குன்னு காட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், மருத்துவச் சான்று, முத்திரைத்தாள், எதுக்கு இருக்கீங்கன்னு காட்ட ஒரு கடிதம். பட்டியல் ஆபீசுக்கு ஆபீஸ் கொஞ்சம் மாறும், அதனால முதல் நாள் போய் அவங்க லிஸ்ட்டை வாங்கிட்டு வந்து அதுப்படி சேருங்க.

மாட்டிக்கற இடம் வாடகை ஒப்பந்தம். வரி வரும்னு பயந்து பல வீட்டுக்காரங்க எழுதித் தர மாட்டாங்க, எழுதினாலும் ரெண்டு பேரும் கம்யூன் (உள்ளாட்சி) ஆபீஸ் போய் கையெழுத்தை லீகலைஸ், அதாவது அத்தாட்சி, பண்ணணும், அதுக்கு சில திர்ஹாம்தான் செலவு, ஆனா வீட்டுக்காரர் வரணும். ரூம் பார்க்கும்போதே, வாடகை பேசறதுக்கு முன்னாடியே, ஒப்பந்தம் போட்டு லீகலைஸ் பண்ணித் தருவீங்களான்னு கேளுங்க. தயங்கினார்னா அடுத்த ரூம். 90 நாள் முடியற வரைக்கும் காத்திருக்காம வந்த முதல் மாசமே ஆரம்பிங்க.

12. திரும்பி வந்த பிறகு

வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ்தான் வழி. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களும் அதுல வெளுத்து வாங்குவாங்க, உங்க டியூட்டரோட அம்மா உட்பட. வாரத்துக்கு ஒரு தடவை நீங்க ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்க, அவங்க நாலு நிமிஷத்துக்கு பதில் அனுப்புவாங்க, பாதி புரியாது, டியூட்டர்கிட்ட அந்தப் பாதியை மட்டும் கேட்டுக்கோங்க. அதுக்கு முழு மணி நேர காசு குடுக்க வேண்டாம், அரை மணி நேரத்துக்கு பேசி வெச்சுக்கோங்க. இந்தியாவுக்கும் அங்கயும் நாலரை மணி நேர வித்தியாசம், ரமலான்ல அஞ்சரை. நம்ம ராத்திரி ஒன்பதரைக்கு அவங்களுக்கு சாயங்காலம் அஞ்சு மணி, டீ நேரம், அப்ப கூப்பிட்டா வீட்டுல எல்லாரும் இருப்பாங்க.